வரைபடத்தில் பரப்பளவு போதும், வீடு மட்டும் ஏன் நெருக்கமாகிறது? புது வீட்டுக்கு அறைகளைத் திட்டமிடும் கணக்கு

1,200 சதுர அடியில் இரண்டு வீடுகள். இரண்டிலும் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. ஒன்றில் குடியேறியவர்கள் தாராளமாகப் புழங்குகிறார்கள். இன்னொன்றில் கட்டிலைப் போட்டதும் அலமாரிக் கதவு திறக்கவில்லை, கூடத்தில் சோபா எங்கே போட்டாலும் யாராவது அதைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. பரப்பளவு ஒன்றேதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

வரைபடத்தில் "12 × 11" என்று எழுதியிருக்கும் எண்ணை வைத்து அறையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்துதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. அறை வேலை செய்கிறதா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: பொருட்களை வைத்த பிறகு மிஞ்சும் இடம், அந்த இடத்தின் வழியாக யார் நடக்கிறார்கள், கதவும் சன்னலும் போக எவ்வளவு நீளச் சுவர் முழுசாகக் கிடைக்கிறது. இந்த மூன்றையும் சுவர் வரைவதற்கு முன்னாலேயே கணக்கிட்டுவிடலாம்.

## முதலில், அந்த எண் எதைச் சொல்கிறது?

வரைபடத்தில் இரண்டு விதப் பரப்பளவுகள் புழங்குகின்றன. சுவர்களையும் சேர்த்து வெளிப்புறத்திலிருந்து வெளிப்புறம் அளப்பது கட்டடப் பரப்பு. சுவர்களைக் கழித்து, கால் வைக்கக்கூடிய தரையை மட்டும் அளப்பது உட்பரப்பு. விரிப்பு விரிக்க முடிகிற இடம் என்பதால் இதை கார்ப்பெட் ஏரியா என்றும் சொல்வார்கள்.

30 × 40 அடி வெளியளவுள்ள வீடு 1,200 சதுர அடி. சுற்றுச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளே கிடைப்பது 28.5 × 38.5, அதாவது சுமார் 1,097 சதுர அடி. உள்ளே நான்கரை அங்குலத் தடுப்புச்சுவர் மொத்தம் 100 அடி நீளம் ஓடினால் இன்னும் 37 சதுர அடி போகும். ஆக 140 சதுர அடி, ஒரு நல்ல படுக்கையறை அளவு இடம், சுவருக்குள் இருக்கிறது. அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட இது ஏறும். சிறிய வீட்டில் நான்காவது அறைக்காக அழுத்தம் கொடுக்கும்போது இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்து பூச்சு. வரைபடத்தில் உள்ளது பெரும்பாலும் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரையான அளவு. பூச்சு ஒரு பக்கம் அரை அங்குலம் என்றாலும் அறையில் ஒரு அங்குலம் குறையும். குளியலறைச் சுவரில் டைல்ஸும் அதன் அடிப்பூச்சும் சேர்ந்து பக்கத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 4 அடி அகலக் குளியலறை 3 அடி 10 அங்குலத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. சுவரோடு சுவராகப் பொருந்தும் அலமாரியை வரைபட அளவுக்கே செய்யச் சொன்னால் அது உள்ளே நுழையாது. "இது பூச்சுக்கு முந்தைய அளவா, முடிந்த அளவா?" வரைபடம் கையில் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

## பொருளை முதலில் வையுங்கள், சுவரைப் பிறகு வரையுங்கள்

அறையின் அளவு கட்டிலிலிருந்தும் மேசையிலிருந்தும் பிறக்க வேண்டும். ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம்.

1. இருவர் படுக்கும் பெரிய கட்டில்: 6 × 6.5 அடி.
2. இரு பக்கமும் இறங்கி நடக்க, படுக்கை உதற: பக்கத்துக்கு 2.5 அடி. 2 அடிக்குக் கீழே போனால் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் போக முடியும்.
3. கால்மாட்டில் அலமாரி: ஆழம் 2 அடி. ஹேங்கரில் சட்டை குறுக்காகத் தொங்க இந்த ஆழம் வேண்டும்.
4. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே: 3 அடி. அலமாரிக் கதவைத் திறந்து, அதன் முன்னால் ஒருவர் நிற்க.

அகலம் 6 + 2.5 + 2.5 = 11 அடி. நீளம் 6.5 + 3 + 2 = 11.5 அடி. பரப்பு 126.5 சதுர அடி.

இப்போது 9 × 14 அறையைப் பாருங்கள். பரப்பு 126, ஏறக்குறைய அதேதான். 9 அடிச் சுவரில் தலைமாடு வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை அடிதான் மிஞ்சும். எனவே 14 அடிச் சுவரில்தான் வைக்க வேண்டும். கால்மாட்டில் 2.5 அடி கிடைக்கும், அலமாரி பக்கச் சுவருக்குப் போகும். ஒரு பக்கம் 2.5 அடி, கட்டில் 6 அடி, மறுபக்கம் அலமாரிக்கு முன்னிடமாக 3 அடி, அலமாரி 2 அடி என்று சேர்ந்து 14 அடியில் 13.5 அடியை எடுத்துவிடும். அதாவது அந்த நீளச் சுவரில் குளியலறைக் கதவோ தரை வரை இறங்கும் சன்னலோ வரவே கூடாது. வந்துவிட்டால் அறைக்கு வேறு வழியே இல்லை. 11 × 11.5 அறையில் தலைமாட்டை இரண்டு மூன்று விதமாக வைக்கலாம். பரப்பு ஒன்றானாலும் நீள்வாக்கான அறை தவறுகளை மன்னிப்பதில்லை. சாதாரணமாக நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் பாதுகாப்பு.

சாப்பாட்டு மேசைக்கும் இதே முறை. ஒருவருக்கு 2 அடி விளிம்பு என்று கொண்டால், பக்கத்துக்கு மூவராக ஆறு பேருக்கு 3 × 6 அடி மேசை. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழ 2.5 அடி, உட்கார்ந்திருப்பவரின் பின்னால் இன்னொருவர் தட்டோடு நடக்க 3.5 அடி. ஒரு பக்கம் மட்டும் நடைவழி என்றால் அகலம் 9 அடி, நீளம் இரு முனையிலும் 2 அடி விட்டு 10 அடி. 8 அடி அகலத்தில் மேசை நிற்கும். ஆனால் சுவரோரம் உட்கார்ந்தவர் எழ வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரும் எழ வேண்டும்.

## நடைவழி தின்னும் இடம்

கூடத்தின் மிகப் பெரிய எதிரி குறுக்கு நடைவழி. 12 × 14 அடிக் கூடம், 168 சதுர அடி. வாசற்கதவு ஒரு மூலையில், உள்ளே போகும் கதவு அதற்கு நேர் எதிர் மூலையில். இரண்டுக்கும் நடுவே மூலைவிட்டமாக 18 அடிக்குச் சற்று மேல். நடைவழியின் அகலம் 3 அடி என்று கொண்டால் 55 சதுர அடி, கூடத்தில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இருப்பதும் இரண்டு முக்கோணங்கள். முக்கோணத்தில் சோபா உட்காராது. போட்டாலும் தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவே வீடே நடந்துகொண்டிருக்கும்.

உள்ளே போகும் கதவை, வாசற்கதவு இருக்கும் அதே 14 அடிப் பக்கத்தின் மறுமுனைக்கு நகர்த்துங்கள். நடைவழி சுவரோரமாக 42 சதுர அடியோடு நின்றுவிடும். 9 × 14 அடி முழுச் செவ்வகமாக, யாரும் குறுக்கே வராத இடமாகக் கிடைக்கும். சுவர் ஒன்றுகூட மாறவில்லை, ஒரு கதவு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூடத்தில் எத்தனை கதவுகள் திறக்கின்றன என்று எண்ணுவதும் அவசியம். இரண்டு படுக்கையறை, சமையலறை, பொதுக் குளியலறை, வாசல் என்று ஐந்து கதவுகள் ஐந்து இடத்தில் சிதறியிருந்தால் ஒரு முழுச் சுவர்கூட மிஞ்சாது. படுக்கையறைக் கதவுகளையும் குளியலறைக் கதவையும் 4 × 4 அடிச் சிறு ஒதுக்கத்துக்குள் கூட்டிவிட்டால், கூடத்திலிருந்து ஒரே திறப்புதான் தெரியும். அந்த 16 சதுர அடி வீணல்ல. கூடத்தில் மூன்று சுவர்களை மீட்டுக்கொடுக்கிறது, குளியலறைக் கதவு விருந்தாளியின் கண்ணெதிரே திறப்பதையும் தடுக்கிறது.

நீண்ட தாழ்வாரம் வேண்டியிருந்தால் 3.5 அடி அகலம் கொடுங்கள். 3 அடியில் ஒருவர் நடக்கலாம், கட்டில் சட்டத்தைத் திருப்ப முடியாது. சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள இடம் தேவை. அதைக் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறைக்கும் குளியலறைக்கும் மட்டுமாவது இன்றே ஒதுக்கிவிடுவது நல்லது. வயது எல்லாருக்கும் ஏறும், கட்டிய பிறகு கதவை அகலமாக்குவது சுவரை இடிக்கும் வேலை.

## கதவு: எங்கே, எந்தப் பக்கம்

வாசலுக்கு 3.5 அடி, படுக்கையறைக்கு 3 அடி, குளியலறைக்கு 2.5 அடி என்பது பரவலான அகலம். ஆனால் நிலையும் கதவுத் தடிமனும் போகத் திறப்பு 3 முதல் 5 அங்குலம் வரை குறையும். சக்கர நாற்காலிக்கு நிகரத் திறப்பே 2 அடி 8 அங்குலம் வேண்டும் என்பதால், அந்தக் குளியலறைக்கு மட்டும் குறைந்தது 3 அடி நிலை வைக்க வேண்டும்.

கதவு அறைக்குள் திறந்து சுவரோடு படிய வேண்டும். மூலைச் சுவரிலிருந்து நிலைக்கு 4 முதல் 6 அங்குலம் இடைவெளி போதும். அந்தச் சுவரில் அலமாரி வரப்போகிறதென்றால் கணக்கே வேறு: 2 அடி ஆழ அலமாரிக்கு, மூலையிலிருந்து குறைந்தது 2 அடி 3 அங்குலம் தள்ளித்தான் நிலை நிற்க வேண்டும். அலமாரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கதவை மூலையில் ஒட்டி வைப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. மின்விளக்கு சுவிட்ச் கதவு திறக்கும் பக்கம், கீல் இல்லாத பக்கத்தில் வரவேண்டும். கீலின் திசையைக் கடைசி நேரத்தில் மாற்றினால் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

## சமையலறை

சமையலறையை அங்குலக் கணக்கில் திட்டமிடும் பழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 × 3.4 மீட்டர்தான். சமைப்பவர் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்று பார்த்து மேடையும் அடுக்குகளும் அமைக்கப்பட்டன. சின்ன இடத்திலும் வேலை ஓடும் என்று அது காட்டியது.

அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள், மூன்றும் கூட்டினால் 26 அடியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது பழகிப்போன விதி. முக்கோணத்தைவிட முக்கியமானதாக நான் கருதுவது சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள வெற்று மேடை. கழுவியதை நறுக்கி அடுப்பில் போடுவது அங்கேதான். அதற்குக் குறைந்தது 3 அடி கொடுங்கள். அந்த மூன்றடி இல்லாத சமையலறை எவ்வளவு பெரிதானாலும் நெருக்கடியாகவே இருக்கும்.

மேடையின் ஆழம் 2 அடி. இரு பக்கமும் மேடை இருந்தால் நடுவே 4 அடி, ஒருவர் மட்டும் சமைப்பதென்றால் 3.5 அடி. மேடையின் உயரம் அதிகம் சமைப்பவரின் மடக்கிய முழங்கையைவிட 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் முதுகு வலிக்காது. குளிர்சாதனப் பெட்டியைச் சுவர் மூலையில் ஒட்டி நிறுத்தினால் கதவு 90 பாகைக்கு மேல் திறக்காது, உள் இழுப்பறை வெளியே வராது. கீல் இருக்கும் பக்கம் சில அங்குலம் விட்டாக வேண்டும்.

## படிக்கட்டு: வரைபடத்தில் சின்னதாகத் தெரிவது

மாடி வீட்டில் முதலில் இடம் ஒதுக்க வேண்டியது படிக்கட்டுக்கு. பெரும்பாலும் கடைசியில் மிஞ்சிய இடத்தில் அதைத் திணிக்கிறார்கள்.

படியின் உயரமும் மிதிக்கும் அகலமும் ஒன்றையொன்று சார்ந்தவை. இரண்டு உயரமும் ஒரு மிதியகலமும் கூட்டினால் ஒரு நடைத் தப்படிக்குச் சமமாக வேண்டும் என்ற விதியைப் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சுவா பிளோந்தெல் வகுத்தார். இன்றைய நடைமுறையில் அது 24 முதல் 25 அங்குலம். 7 அங்குல உயரத்துக்கு 10 அங்குல மிதி, 6.5-க்கு 11.

தரைக்குத் தரை 10 அடி 6 அங்குலம் என்று வையுங்கள். 126 அங்குலம். 7 அங்குலமாக 18 உயரங்கள். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 9 உயரம், 8 மிதி. 8 × 10 = 80 அங்குலம், 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துச் சமதளமான லேண்டிங் 3 அடி, ஏறத் தொடங்கும் முன் நிற்க 3 அடி. மொத்த நீளம் 12 அடி 8 அங்குலம். அகலம் 3 + 3, நடுவே அரை அடி, ஆக 6.5 அடி. சுமார் 82 சதுர அடி, ஒவ்வொரு தளத்திலும். வரைபடத்தில் இதற்கு 6 × 9 அடிதான் இருக்கிறதென்றால், படி செங்குத்தாகும் அல்லது மிதி குறுகும். இரண்டுமே இறங்கும்போது விழவைக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

1. லேண்டிங்குக்கு அடியில் கழிவறை. ஒன்பதாவது படியில் லேண்டிங் வருகிறது: 63 அங்குலம். ஸ்லாப் தடிமன் 6 அங்குலம் போனால் 57, அதாவது 4 அடி 9 அங்குலம். அங்கே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. லேண்டிங்குக்கு அடியில் 7 அடி வேண்டுமானால் முதல் பக்கத்தில் 13 உயரம் வேண்டும் (91 − 6 = 85 அங்குலம்). அதற்கு 12 மிதி, 10 அடி ஓட்டம். இதை முதலிலேயே முடிவு செய்தால் நீளமான பக்கம் குட்டையான பக்கம் என்று பிரித்துக் கட்டலாம். கான்கிரீட் போட்ட பிறகு முடியாது.

2. தரைப்பூச்சை மறந்த படி. கான்கிரீட் படியில் எல்லா உயரமும் 7 அங்குலம்தான். பிறகு தரைக்கு மணல்கலவையும் டைல்ஸும் சேர்த்து இரண்டரை அங்குலம் ஏற்றுகிறார்கள், படிக்கு ஒரு அங்குலக் கல் மட்டும் ஒட்டுகிறார்கள். கீழ்ப்படி ஐந்தரை அங்குலமாகக் குறையும், மேல்தளத்தில் கடைசிப் படி எட்டரையாக ஏறும். பழகிய கால் ஏழு அங்குலத்தையே எதிர்பார்க்கும், அங்கேதான் தடுக்கும். உயரத்தை முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு அளந்து, முதல், கடைசிப் படிகளின் கான்கிரீட் உயரத்தை அதற்கேற்ப மாற்றிப் போட வேண்டும்.

## ஒன்றின் மேல் ஒன்று: சுவரும் குழாயும்

கீழ்த்தள வரைபடத்தை முடித்துவிட்டு மேல்தளத்தைத் தனியாக வரைவது ஆபத்து. இரண்டையும் ஒரே அளவில் மெல்லிய தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

மேல்தளச் சுவருக்கு அடியில் சுவரோ பீமோ இருக்கிறதா? நான்கரை அங்குலச் செங்கல் தடுப்பு 10 அடி உயரத்தில் ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 200 கிலோ. 12 அடித் தடுப்பு சுமார் இரண்டரை டன். அதை வெறும் ஸ்லாப்பின் நடுவில் நிறுத்தினால், அதற்கென்று கம்பி கணக்கிடாதபோது, ஸ்லாப் தொய்ந்து சுவரில் விரிசல் விடும். பீம் போட்டால் அதன் ஆழம் கீழறைக் கூரையில் தெரியும். 15 அடி இடைவெளிக்கு 15 முதல் 18 அங்குல பீம் என்பது தொடக்கக் கணிப்பு, இறுதி அளவைக் கட்டுமானப் பொறியாளர் சொல்ல வேண்டும். தூண்கள் எங்கே வருகின்றன என்பதையும் அறைக்குள் எத்தனை அங்குலம் துருத்துகின்றன என்பதையும் அப்போதே வரைபடத்தில் ஏற்றிவிடுங்கள். அலமாரிக்கு விட்ட மூலையில் தூண் வந்து நிற்பது பிறகு தெரிந்தால் பயனில்லை.

குளியலறைக்கு மேல் குளியலறை, சமையலறையை ஒட்டிக் குளியலறை என்று தண்ணீர் புழங்கும் இடங்களை ஒன்றாகக் கூட்டுவதற்குக் காரணம் கழிவுக்குழாயின் சரிவு. 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு என்றால் 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும், 20 அடிக்கு 6. குழாயின் தடிமனும் வளைவும் சேர்ந்தால் தரைக்குள் ஒளிக்க இடம் இருக்காது. படுக்கையறைக்கு மேல் குளியலறை வந்தால் கசிவும் ஓசையும் நேரே கட்டில்மேல். குழாய் இறங்கும் சுவரில் கட்டிலின் தலைமாட்டை வைப்பதும் அப்படித்தான், இரவில் ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் கேட்கும்.

குளியலறைக்குள் வரிசை எளிது: கதவருகே கைகழுவும் தொட்டி, அடுத்து கழிவுக்கோப்பை, கடைசியில் குளிக்கும் இடம். தண்ணீர் கதவுக்கு எதிர்ப்பக்கம் ஓடும்படி தரை 100-க்கு 1 சரிந்தால் 8 அடிக்கு ஒரு அங்குலம். 5 × 8 அடி தாராளம். கோப்பையின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, முன்னால் 2 அடி காலியாக இருக்க வேண்டும்.

## வெளிச்சமும் காற்றும்

சன்னல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் எட்டும்? சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து இருக்கும் உயரத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 7 அடியில் விளிம்பு என்றால் 14 முதல் 17 அடி. அதற்கு மேல் ஆழமான கூடத்தில் பகலிலும் விளக்கு எரியும், வேறொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தாக வேண்டும். சன்னலை அகலப்படுத்துவதைவிட மேல்விளிம்பை உயர்த்துவது ஆழத்துக்கு உதவும்.

காற்று நுழைந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வேறு சுவர்களில் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூலை அறைகளுக்கு இது தானாகவே அமையும், நடுவில் மாட்டிய அறைக்குக் கதவுக்கு மேலான திறப்பாவது தேவை. இரண்டு தடச் சறுக்குச் சன்னல் 6 × 4 அடி என்றால் 24 சதுர அடியில் 12-தான் திறக்கும். காற்றுக் கணக்கில் அந்தப் பாதியைத்தான் எடுக்க வேண்டும்.

கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு மேலே நீட்டிய சன்ஷேட் அதிகம் உதவாது. சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் இருக்கும்போது 2 அடிச் சன்ஷேட் சன்னலின் மேற்பகுதியில் 9 அங்குலத்துக்குத்தான் நிழல் தரும். அந்தத் திசைகளில் சன்னலைச் சிறிதாக்குவது, பக்கவாட்டில் செங்குத்துத் தடுப்பு வைப்பது, அல்லது படிக்கட்டு, குளியலறை, பொருள் அறைகளை அந்தப் பக்கம் ஒதுக்குவது பலன் தரும்.

## தோண்டுவதற்கு முன் சோதனை

1. வரைபடத்தை அடிக்கு அரை அங்குலமாகப் பெரிதாக்கி அச்செடுங்கள். கட்டில், அலமாரி, சோபா, மேசை, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டி வையுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்த நிலையில் வரையுங்கள்.
2. ஒரு நாளை விரலால் நடந்து பாருங்கள். அதிகாலையில் எழுபவர், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, சந்தைப் பையோடு வருபவர், ஈரத்துணியைக் காயப்போடப் போகிறவர், இரவில் குளியலறைக்குப் போகும் முதியவர். எந்த வழி இன்னொருவரின் படுக்கையறையைக் கடக்கிறது?
3. துடைப்பம், பெட்டி, பழைய பொருள், கூடுதல் மெத்தை இவற்றுக்கு இடம் எங்கே? உட்பரப்பில் பத்தில் ஒரு பங்கு சேமிப்புக்கு இல்லையென்றால் ஓர் அறை தானாகவே கிடங்காகும்.
4. மனையில் சுண்ணாம்புக்கோடு போட்டு அறைகளை நடந்து பாருங்கள். கூரையில்லாத வெட்டவெளியில் எல்லா அறையும் சிறிதாகவே தெரியும், அதைப் பார்த்துப் பயந்து அளவைக் கூட்ட வேண்டாம். உங்கள் கட்டில் அளவுக்கு ஒரு பாயை விரித்து, சுற்றி நடந்து முடிவு செய்யுங்கள்.
5. மூலை மட்டத்தைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி அளந்தால் குறுக்கே சரியாக 15 அடி வரவேண்டும். 30 × 40 வீட்டின் இரண்டு மூலைவிட்டங்களும் 50 அடி. இரண்டும் வேறுபட்டால் மூலை கோணியிருக்கிறது, அது பின்னால் தரை டைல்ஸில் சாய்ந்த வெட்டாகத் தெரியும்.

வேலை தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியது ஒற்றை அறை வரைபடம் மட்டுமன்று. பொருட்கள் வைத்த தள வரைபடம், தூண்–பீம் வரைபடம், தண்ணீர்–கழிவுக்குழாய் வரைபடம், மின்முனை வரைபடம், படிக்கட்டை வெட்டிக் காட்டும் குறுக்குத்தோற்றம் ஆகிய ஐந்தும் ஒரே தேதியிட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் கதவை நகர்த்தினால் மற்ற நான்கையும் திருத்தி, பழைய நகல்களை மனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.